இரண்டு வாக்கியங்களுக்கு ஒன்றரை மணி நேரம்: மயிலாப்பூரில் காண்ட் படிக்கும் வகுப்பு

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய ஒரு சந்தில், பழைய வீடு ஒன்றின் மாடியில், சனிக்கிழமை மாலைகளில் 12 வாரம் நடக்கும் தத்துவ வாசிப்பு வகுப்பு ஒன்றில் இந்த ஆண்டு சேர்ந்து, ஒரு வாரமும் தவறாமல் படித்து முடித்தேன். நடத்துபவர் கல்லூரியில் தத்துவம் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர். அவருக்கு விளம்பரத்தில் விருப்பமில்லை. ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவதே போதும் என்பவர். ஆகவே அவருடைய பெயரையும் இடத்தையும் இங்கே தரவில்லை. ஆனாலும், கடினமான தத்துவ நூலைத் தனியாகப் படித்துப் பார்த்துத் தோற்றவர்கள் இப்படிப்பட்ட ஒரு வகுப்புக்குப் பணமும் நேரமும் செலவிடலாமா என்று தயங்குவதை அறிவேன். அந்தத் தயக்கம் எனக்கும் இருந்தது. அவர்களுக்குப் பயன்படும் என்பதற்காகவே, நன்றாக இருந்ததையும் குறையாக இருந்ததையும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நான் கணக்குத் துறையில் வேலை பார்ப்பவள். தத்துவம் எனக்குப் பாடமாக இருந்ததில்லை. ஜெர்மன் தத்துவ அறிஞர் இமானுவேல் காண்ட் எழுதிய ‘தூய பகுத்தறிவின் திறனாய்வு’ நூலை, நார்மன் கெம்ப் ஸ்மித் 1929இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில், லஸ் பக்கம் ஒரு நடைபாதைக் கடையில் 250 ரூபாய்க்கு வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் பென்சிலால் கோடிட்டுப் படித்திருந்தார். அந்தக் கோடுகள் முன்னுரையோடு நின்றுவிட்டிருந்தன. நானும் மூன்று முறை அதே இடத்தில் நின்றேன். முதல் முறை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் படித்தேன். இரண்டாம் முறை அறிமுக நூல்களையும் காணொளிகளையும் துணைக்கு அழைத்தேன். அதன் பயனாக, காண்ட்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேச முடிந்தது, காண்ட்டின் ஒரு பத்தியைப் படிக்க முடியவில்லை. மூன்றாம் முறை நாளுக்குப் பத்துப் பக்கம் என்று கணக்கு வைத்து ஓடினேன். ஒவ்வொரு முறையும் எனக்கு அறிவு போதவில்லை என்றுதான் நினைத்தேன். அது காரணமில்லை என்பது வகுப்பின் இரண்டாவது வாரத்திலேயே தெரிந்தது. ஒவ்வொரு வாக்கியமும் ஏதோ ஒரு கேள்விக்கு விடையாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கேள்வி எது என்று தெரியாமல் விடையை மட்டும் மனத்தில் ஏற்றிக்கொள்ள முயன்றிருக்கிறேன்.

அந்த இரண்டாவது வாரத்தில் ஆசிரியர் நூலைத் திறக்கவே இல்லை. நூல் 1781இல் வெளிவந்தபோது அதைப் படித்தவர்களின் கதையைச் சொன்னார். 1782 ஜனவரியில் கோட்டிங்கனிலிருந்து வந்த இதழில் பெயரில்லாமல் ஒரு மதிப்புரை வெளியானது. கார்வே என்பவர் எழுதியதை ஃபெடர் என்பவர் சுருக்கியும் மாற்றியும் வெளியிட்ட மதிப்புரை அது. காண்ட்டின் கருத்தை, மனத்துக்கு வெளியே பொருள் என்று ஒன்று இல்லை என்ற பெர்க்லியின் கருத்தோடு ஒன்றாகச் சேர்த்துவிட்டது அந்த மதிப்புரை. காண்ட் மனம் நொந்து, 1783இல் எழுதிய ‘முன்னுரைக் குறிப்புகள்’ நூலின் பின்னிணைப்பில் அதற்கு விடையளித்து, எழுதியவர் தம் பெயரை வெளிப்படுத்த வேண்டும் என்று அறைகூவல் விடுத்தார். காண்ட் மிகவும் மதித்த மோசஸ் மெண்டல்சோன், தம் நரம்புத் தளர்ச்சி காரணமாக இந்த நூலை முழுமையாகப் படிக்க இயலவில்லை என்று அவருக்கே கடிதம் எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் காண்ட் அவருக்கு எழுதிய பதிலில், குறைந்தது 12 ஆண்டுகள் சிந்தித்ததை நான்கைந்து மாதங்களில் எழுதி முடித்ததாகவும், பொருளில் காட்டிய கவனத்தை நடையிலும் எளிமையிலும் காட்டவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். இதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவில் தத்துவத்தையே வாழ்க்கையாகக் கொண்டிருந்தவர்களே தடுமாறிய இடத்தில்தான் நானும் தடுமாறியிருக்கிறேன்.

மூன்றாவது வாரம் முதல் நூலுக்குள் சென்றோம். வகுப்பின் முறையை ஆசிரியர் நன்னூலிலிருந்து எடுத்திருக்கிறார். பவணந்தி முனிவர் உரைகளை வகுக்கும்போது காண்டிகையுரை என்ற ஒன்றைச் சொல்கிறார்: கருத்து, பதப்பொருள், உதாரணம், வினா, விடை ஆகியவற்றைக் கொண்டது. எங்கள் நோட்டில் ஒவ்வொரு பத்திக்கும் இந்த ஐந்தையும் எழுத வேண்டும், அதுவும் தமிழில். பதப்பொருள் முதலில். அதன்பின் ‘இந்தப் பத்தி எந்த வினாவுக்கு விடை’ என்று ஒரு வரி. பிறகு காண்ட் தரும் விடை. கருத்து கடைசியில்தான். உதாரணம் தோன்றினால் எழுதலாம். தோன்றாவிட்டால் வெற்றிடமாக விடலாம். எங்களில் பலர் கருத்தைத்தான் முதலில் எழுத ஓடினோம். அவர் நோட்டை வாங்கிப் பார்த்து, ‘வினா எங்கே அம்மா?’ என்று மட்டும் கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். தமிழில் உரை எழுதியவர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்த வேலையை வேறொரு மொழியில் எழுதப்பட்ட நூலுக்குச் செய்தபோது, நூலின் இறுக்கம் தளர்ந்தது. இந்த வகுப்பின் தலையாய சிறப்பு இதுதான் என்பேன்.

எப்படித் தளர்ந்தது என்பதற்கு ஒரு மாலையை மட்டும் சொல்கிறேன். 1787இல் வந்த இரண்டாம் பதிப்பின் அறிமுகம் இரண்டு செய்திகளோடு தொடங்குகிறது. நம் அறிவு அனைத்தும் அனுபவத்தோடு தொடங்குகிறது என்பதில் ஐயமே இல்லை. ஆனால் அனுபவத்தோடு தொடங்குவதாலேயே அது அனைத்தும் அனுபவத்திலிருந்து பிறப்பதாகாது. இதை ஆங்கிலத்தில் மூன்று முறையும் நான் வேகமாகக் கடந்திருந்தேன். ஒரே செய்தியை இரண்டு விதமாகச் சொல்கிறார் என்றே எண்ணியிருந்தேன். ஆசிரியர் கரும்பலகையில் ‘ஓடு’ என்றும் ‘இலிருந்து’ என்றும் எழுதி, இவை எந்த வேற்றுமை என்று கேட்டார். மூன்றாம் வேற்றுமை, ஐந்தாம் வேற்றுமை என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி சொன்னாள். மூன்றாம் வேற்றுமையின் ‘ஓடு’ உடனிகழ்ச்சியைக் காட்டும். ஐந்தாம் வேற்றுமை நீங்கலையும் ஏதுவையும் காட்டும். ‘குழந்தை அம்மாவோடு கோயிலுக்கு வந்தது’ என்றால் இருவரும் ஒன்றாக வந்தார்கள் என்றுதான் பொருள். குழந்தைக்குக் கோயில் மேல் உள்ள ஆசை அம்மாவிடமிருந்து வந்ததா என்பது வேறு கேள்வி. ஜெர்மனிலும் காண்ட் ‘மிட்’, ‘அவுஸ்’ என்ற இரண்டு சிறு சொற்களைக் கொண்டே இந்த வேறுபாட்டைச் செய்கிறார் என்று அவர் காட்டினார். நூலின் பெரும்பகுதி இந்த இரண்டு உருபுகளுக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் நடக்கிறது. ஒன்றரை மணி நேரம் இந்த இரண்டு வாக்கியங்களோடு இருந்தோம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மந்தைவெளி வரை அவற்றையே மனத்துக்குள் சொல்லிக்கொண்டு நடந்தேன். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துவிட்ட வேற்றுமை அட்டவணை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இப்படி ஒரு வேலைக்கு வரும் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை.

அப்போதுதான் எங்களோடு படித்த ஒருவர் இடியாப்பத்தை உதாரணமாகச் சொன்னார். மாவு வெளியிலிருந்து வருகிறது, அச்சு நம்மிடம் இருக்கிறது, மாவு அச்சின் வழியே வந்தால்தான் இடியாப்பம் ஆகிறது. அதுபோலப் புலன்கள் தருவது மாவு, மனம் தருவது வடிவம் என்றார். எல்லோரும் மகிழ்ந்தோம். ஆசிரியரும் நன்று என்று சொல்லிவிட்டு, அந்த உதாரணத்தின் மேல் மூன்று கேள்விகளைக் கேட்டார். அச்சைத் தனியாகக் கையில் எடுத்துப் பார்க்கலாம். மனம் தரும் வடிவங்கள் என்று காண்ட் சொல்லும் வெளியையும் காலத்தையும் அப்படி எடுத்துப் பார்க்க முடியுமா? மாவு அச்சுக்குள் போகும் முன்பே மாவாக இருந்தது. நமக்குத் தோன்றும் பொருள்கள் தோன்றுவதற்கு முன்பே நமக்குத் தெரிந்தவையாக இருந்தனவா? அச்சை மாற்றிக்கொள்ளலாம்; நாம் மாற்றிக்கொள்ள முடியுமா? உதாரணம் உடைந்தது. ஆனால் அது உடைந்த இடங்களைப் பார்த்தபோதுதான் காண்ட் என்ன சொல்லவில்லை என்பது எங்களுக்குப் பிடிபட்டது. முதல் பதிப்பின் முன்னுரையில் காண்ட் இதைப் பற்றியே பேசுகிறார். உதாரணங்கள் பகுதிகளைப் புரிந்துகொள்ள உதவினாலும் முழுமையைக் காணவிடாமல் கவனத்தைச் சிதறடிக்கும் என்று அவற்றைக் குறைத்துக்கொண்டதாகச் சொல்கிறார். ஒரு நூலின் அளவைப் பக்கங்களால் அளக்காமல் அதைப் புரிந்துகொள்ள ஆகும் நேரத்தால் அளந்தால், பல நூல்கள் இவ்வளவு சுருக்கமாக இல்லாதிருந்தால் இன்னும் சுருங்கியிருக்கும் என்று டெராசோன் என்ற பிரெஞ்சு அறிஞர் சொன்னதையும் மேற்கோள் காட்டுகிறார். அறிமுக நூல்களும் காணொளிகளும் எனக்கு ஏன் போதவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அவை எனக்கு இடியாப்பத்தைத் தந்தன. அதை உடைத்துப் பார்க்கும் கேள்விகளைத் தரவில்லை.

இதற்கு நேர்மாறாக, காண்ட் தாமே தரும் ஓர் உதாரணத்தை எங்கள் ஊர்க் காட்சியோடு சேர்த்துப் படித்த மாலையும் உண்டு. காரண காரியத் தொடர்பை நிறுவும் பகுதியில் அவர் ஒரு வீட்டையும் ஆற்றோட்டத்தில் செல்லும் ஒரு கப்பலையும் எடுத்துக்கொள்கிறார். வீட்டை மேலிருந்து கீழாகப் பார்க்கலாம், கீழிருந்து மேலாகவும் பார்க்கலாம். பார்வையின் வரிசை நம் விருப்பம். கப்பலை முதலில் ஆற்றின் மேல்பகுதியிலும் பிறகு கீழ்ப்பகுதியிலும்தான் காண முடியும். அங்கே வரிசை நம் கையில் இல்லை. இரண்டிலும் நமக்குக் கிடைப்பது ஒன்றன்பின் ஒன்றாக வரும் காட்சிகள்தான் என்னும்போது, வீடு நிற்கிறது, கப்பல் நகர்கிறது என்று எதைக் கொண்டு பிரிக்கிறோம் என்பது அவருடைய கேள்வி. அந்த வாரம் கபாலீசுவரர் கோயிலில் பங்குனிப் பெருவிழா நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர் எங்களைத் தேர் பார்க்கச் சொன்னார், கையில் நோட்டோடு. கிழக்குக் கோபுரத்தின் முன் நின்று கலசத்திலிருந்து வாயில் வரையும், வாயிலிலிருந்து கலசம் வரையும் கண்ணை ஓட்டினேன். பிறகு தேர் வந்தது. தெருமுனையில் முதலில் உச்சி தெரிந்தது, பின்பு வடம் பிடிப்பவர்கள், பின்பு சக்கரம், பிறகு எங்களைக் கடந்து மறுமுனைக்குச் சென்றது. எவ்வளவு முயன்றாலும் அதை மறுமுனையிலிருந்து தொடங்கிப் பார்க்க முடியாது. அவ்வளவு கூட்டத்தில், அவ்வளவு மேளச் சத்தத்தில், 1781இல் கோனிக்ஸ்பெர்கில் இருந்த ஒருவர் கேட்ட கேள்வி எனக்கு என் கேள்வியாக ஆனது. இந்த உதாரணம் ஏன் உடையவில்லை என்று பிறகு யோசித்தேன். இடியாப்பம் காண்ட்டின் விடைக்கு ஓர் உவமை. தேரோ அவருடைய கேள்வி எழும் இடம்.

வகுப்பில் கற்பிக்கும் முறைக்கு இன்னொரு தூணும் நன்னூலிலிருந்தே வந்தது. ஆசான் உரைத்ததை நன்றாகக் கொண்டாலும் மாணவன் கால் பங்குதான் பெறுகிறான். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு. தான் பிறருக்கு எடுத்துரைப்பதால் மீதி இரண்டு கால் பங்கும் என்கிறது அந்நூல். ஆகவே எங்களை இருவர் இருவராகப் பிரித்து, வாரத்தில் ஒரு நாள் தொலைபேசியில் பேசச் சொன்னார். வீட்டில் ஒருவருக்காவது அந்த வாரப் பத்தியை விளக்கவும் சொன்னார். எனக்குத் துணையாக அமைந்தவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். சைவ சித்தாந்தம் முறையாகக் கற்றவர். 12 சூத்திரமும் 40 அடியுமாக உள்ள சிவஞானபோதத்துக்குச் சிவஞான முனிவர் எழுதிய மாபாடியம் எவ்வளவு விரிந்தது என்பதை அவர்தான் எடுத்துச் சொன்னார். ஒரு சூத்திரத்தோடு வாரக்கணக்கில் இருந்து பழகியவர் ஆதலால், மெதுவாகப் படிப்பது அவருக்குக் குறையாகவே தோன்றவில்லை. வேகமாகப் படிக்க முடியவில்லையே என்று நான் வருந்தியதுதான் அவருக்குப் புதுமையாக இருந்தது.

வீட்டில் நான் விளக்கியது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் தங்கை மகளுக்கு. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்ற வாக்கியத்தைக் காண்ட் எடுத்துக்கொண்டு, ஏழையும் ஐந்தையும் கூட்டுவது என்ற எண்ணத்தை எவ்வளவு பகுத்துப் பார்த்தாலும் அதற்குள் பன்னிரண்டு கிடைக்காது என்கிறார் என்று சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அப்படியானால் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது பெரியம்மா?’ என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே, ஏழை மனத்தில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணத் தொடங்கினாள். அடுத்த பக்கத்தில் காண்ட் எழுதியிருப்பதும் அதுதான்: எண்ணத்தைத் தாண்டி வெளியே வந்து, ஐந்து விரல்களையோ ஐந்து புள்ளிகளையோ துணைக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பக்கத்தைத் திருப்பி அவளிடம் காட்டினேன். அவள் விரல் இன்னும் மோதிர விரலின் நடுக்கணுவிலேயே இருந்தது.

இனிக் குறைகள். முதலாவது, தொடக்கத்தில் தரப்படும் இரண்டு பக்கக் கலைச்சொல் பட்டியல். ஆங்கிலச் சொற்களுக்கு ஏற்கெனவே அகராதியில் உள்ள தமிழ்ச் சொற்களை அப்படியே இட்டிருக்கிறார்கள். அதனால் வந்த தீமை சிறியதன்று. காண்ட் ‘அன்ஷவுங்’ என்று எழுதும் சொல்லுக்கு அந்தப் பட்டியல் ‘உள்ளுணர்வு’ என்கிறது. தமிழில் உள்ளுணர்வு என்றால், ஏதோ நடக்கப்போகிறது என்று மனத்துக்குள் தோன்றுவது. ஜெர்மன் சொல்லின் வேரோ பார்த்தல். புலனுக்கு நேரே தரப்பட்டிருப்பது என்பதே அங்கே பொருள். உள்ளடக்கம் இல்லாத எண்ணங்கள் வெறுமையானவை, கருத்துருக்கள் இல்லாத ‘உள்ளுணர்வுகள்’ குருடானவை என்று நான் மூன்று வாரம் படித்துக்கொண்டிருந்தேன். குருட்டு ஊகத்தைக் கண்டிக்கிறார் போலும் என்று எண்ணிக்கொண்டேன். நம் அளவையியலில் ‘காட்சி’ என்ற சொல் எப்போதோ இருக்கிறது. காட்சி என்று மாற்றிப் படித்தவுடன் வாக்கியம் தெளிந்தது. அதைப் போலவே, அனுபவத்தைச் சாராத அறிவைக் குறிக்கும் ‘அ பிரியோரி’ என்பதற்கு ‘அனுபவத்துக்கு முற்பட்டது’ என்று போட்டிருந்ததால், குழந்தை பிறக்கும்போதே கொண்டுவரும் அறிவைச் சொல்கிறார் என்று வகுப்பில் பாதிப் பேர் நம்பினார்கள். காலத்தால் முந்துவது பற்றி அங்கே பேச்சே இல்லை. ஆசிரியரிடம் சொன்னோம், வாயளவில் திருத்தினார். அடுத்த அணிக்குக் கொடுப்பதற்கு முன் தாளிலும் திருத்த வேண்டும்.

இரண்டாவது குறை பெரிது. காண்ட் தமக்கு மிகுந்த உழைப்பை வாங்கியதாக முதல் பதிப்பின் முன்னுரையிலேயே சொல்லும் பகுதி, காரணம் போன்ற அடிப்படைக் கருத்துருக்களான வகைமைகளுக்கு உரிமை நாட்டும் பகுதி. இரண்டாம் பதிப்பில் அதை முழுவதும் புதிதாகவே எழுதினார். அப்படிப்பட்ட பகுதிக்கு இந்த வகுப்பில் ஒரே ஒரு மாலைதான் ஒதுக்கப்பட்டது. தொடக்கம் மிக நன்றாக இருந்தது. இந்தப் பகுதியின் தலைப்பில் உள்ள சொல்லைக் காண்ட் சட்ட வல்லுநர்களிடமிருந்து எடுக்கிறார். நடந்தது என்ன என்பது ஒரு கேள்வி, அதற்கு உரிமை உண்டா என்பது வேறு கேள்வி என்கிறார். எங்களோடு படித்த வழக்கறிஞர் ஒருவர் உடனே, ‘அனுபோகம் வேறு, மூலப்பத்திரம் வேறு’ என்றார். நாற்பது ஆண்டுகளாக ஒருவர் ஒரு வீட்டில் இருக்கலாம். எந்தப் பத்திரத்தின் பேரில் இருக்கிறீர்கள் என்று கேட்டால், இத்தனை ஆண்டுகளாக இருக்கிறேன் என்பது அந்தக் கேள்விக்கு விடையாகாது. காரணம் என்ற கருத்துருவை நாம் எப்போதும் பயன்படுத்துகிறோம். காண்ட்டுக்கு முன் எழுதிய தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் கேட்டது அதன் மூலப்பத்திரத்தை. இவ்வளவு அருமையாகத் திறந்த பகுதியை, நேரமில்லை என்று, மீதி ஒரு மணி நேரத்தில் தொகுப்புரையாகச் சொல்லி முடித்துவிட்டார். நோட்டில் வினாவும் இல்லை, விடையும் இல்லை. காண்டிகையை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரே மிகக் கடினமான இடத்தில் அதைக் கைவிட்டது எனக்கு வருத்தம் தந்தது. தொடக்கத்தில் 18 பேர் இருந்தோம், முடிவில் 11 பேர். விலகியவர்களில் மூவர் அந்த வாரத்துக்குப் பிறகுதான் வரவில்லை. எளிய பகுதிகளில் இரண்டு வாரத்தைக் குறைத்து இங்கே சேர்க்கலாம். இல்லையென்றால், 12 வாரம் என்பதை 14 ஆக்கலாம். கூடுதல் கட்டணம் கேட்டாலும் நான் தந்திருப்பேன்.

கட்டணம் 3,600 ரூபாய், மாணவர்களுக்குப் பாதி. மாலை 5 மணிக்குத் தொடங்கி 7.30 வரை. நடுவில் காபி உண்டு. மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ள வேண்டும். திருமயிலை ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரலாம். விழாக் காலங்களில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை.

நூலை ஒவ்வொருவரும் சொந்தமாக வைத்திருக்க வேண்டும். பால் கையரும் ஆலன் வுட்டும் மொழிபெயர்த்து 1998இல் வந்த கேம்பிரிட்ஜ் பதிப்பை ஆசிரியர் பரிந்துரைக்கிறார். கெம்ப் ஸ்மித்தின் ஆங்கிலம் காதுக்கு இனியது. நீண்ட வாக்கியங்களை ஆங்காங்கே உடைத்துக் கொடுப்பார். கேம்பிரிட்ஜ் பதிப்பு காண்ட்டின் வாக்கியத்தை அவர் எழுதிய நீளத்திலேயே வைத்திருக்க முயல்கிறது. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு முன்னதுதான் எளிது என்று நினைத்தேன். ஆனால் தமிழில் திருப்பி எழுதும்போது பின்னதுதான் எனக்கு உதவியது. ஜெர்மன் துணை வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், தமிழில் வினை பொதுவாகக் கடைசியில்தான் வரும். எச்சங்களை அடுக்கி, முற்றை இறுதியில் வைத்து, ஒரு நீண்ட வாக்கியத்தை ஒரே மூச்சில் கட்டிப் பார்த்தால், காண்ட் எதை எதற்கு நிபந்தனையாக வைக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. எந்தப் பதிப்பை வாங்கினாலும் பக்க ஓரத்தில் ஏ, பி என்ற எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏ என்பது 1781ஆம் ஆண்டுப் பதிப்பின் பக்கம், பி என்பது 1787ஆம் ஆண்டுப் பதிப்பின் பக்கம். வகுப்பில் இந்த எண்களைச் சொல்லித்தான் இடத்தைக் குறிப்பார்கள். அவை இல்லாத மலிவுப் பதிப்பை வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் தேடித் தவித்தார்கள்.

வார நாள்களில் படிப்பதற்குச் சென்னையில் இடத்துக்குக் குறைவில்லை. நான் கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குச் சென்றேன். 2010இல் திறக்கப்பட்ட அந்நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பிரிவு இருப்பது என் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. எழும்பூரில் 1896 முதல் இருக்கும் கன்னிமாரா நூலகமும் அமைதியான இடம்தான். மயிலாப்பூரிலிருந்து எனக்குத் தொலைவு என்பதால் அதிகம் போகவில்லை.

யார் சேரலாம் என்று கேட்டால், ஒரு முறையாவது இந்த நூலைத் திறந்து நின்றுபோனவர்கள் சேரலாம். நின்றுபோன இடம் எது என்று தெரிந்திருப்பவர்களுக்கு இங்கே கிடைக்கும் பயன் அதிகம். காண்ட் என்ன சொன்னார் என்று விரைவாகத் தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு இது ஏற்றதன்று. 12 வாரத்தில் நாங்கள் நூலின் பாதியைக்கூடத் தொடவில்லை. போட்டித் தேர்வுக்காக வந்த ஓர் இளைஞர் நான்காவது வாரத்தில் விலகினார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாரத்துக்கு மூன்று மணி நேரமாவது வீட்டில் ஒதுக்க முடியாதவர்களும் காத்திருப்பது நல்லது. நோட்டு எழுதாமல் வந்து கேட்பவர்களுக்கு, பவணந்தி சொன்ன அந்தக் கால் பங்குதான் கிடைக்கும்.

வகுப்பு சித்திரையில் முடிந்தது. ஒரே மாலையில் முடித்துவிட்ட அந்தப் பகுதியை விட்டுவிட எங்களில் நால்வருக்கு மனமில்லை. ரயில்வே பெரியவர், வழக்கறிஞர், வேற்றுமை சொன்ன மாணவி, நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டூர்புரம் நூலக வளாகத்தில் கூடி, இரண்டாம் பதிப்பின் பாடத்தை நோட்டில் ஐந்து தலைப்பும் எழுதிப் படித்துவருகிறோம். ஆசிரியர் இரண்டு முறை வந்து எங்களோடு உட்கார்ந்தார், அழைக்காமலே வந்தார். இப்போது 16ஆம் பிரிவில் இருக்கிறோம். என் எண்ணங்கள் அனைத்தோடும் ‘நான் எண்ணுகிறேன்’ என்பது உடன்வரக்கூடியதாக இருக்க வேண்டும் என்று தொடங்கும் பிரிவு அது. ‘உடன் வருகிறது’ என்று எழுதாமல் ‘உடன்வரக்கூடியதாக’ என்று ஏன் எழுதினார் என்ற வினாவைப் பெரியவர் எழுதிவைத்திருக்கிறார். மூன்று ஞாயிறுகளாக அதற்கு நேரே விடையின் இடம் வெறுமையாக இருக்கிறது.